த்ரீ ஷட்டில்ஸ் நிலவறை மூடி

எனக்கு பியர் அவ்வளவாகப் பிடிக்காது. அந்தக் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு வீடுவரை கூடவே வரும். முப்பத்தொரு வருடம் ஒரே பப்புக்குப் போய்வந்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் ஆல்டர்ஷாவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். எட்கர் ஹாலிவெல் அரை பைன்ட் வாங்குவான், அதை ஒன்றரை மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பார்கள். ஆகவே அந்தத் திங்கட்கிழமை நான் குடித்திருந்தேனா என்ற உங்கள் கேள்விக்குப் பதில், சார்ஜென்ட் லோவெட், அரை பைன்ட். அதிலும் பாதி மிச்சம்.

நான் அங்கே போனது கட்டடத்துக்காக.

நகராட்சியின் வரைபட அறையில் வேலை பார்த்தேன். சாக்கடைக் குழாய், பஸ் நிழற்குடை, பள்ளிக்கூடக் கழிப்பறை என்று இவற்றையே வாழ்நாள் முழுக்க வரைந்தேன். என் கையால் அழகான ஒன்றை வரைய எனக்கு வாய்க்கவில்லை. ஒருநாள் மதியம் மழைக்கு ஒதுங்கி த்ரீ ஷட்டில்ஸ் என்ற அந்தப் பப்புக்குள் நுழைந்தேன். தரையில், பப்பின் பெயருக்கு ஏற்றபடி, சின்னச் சின்னக் கற்களால் பதித்த மூன்று தறி நாடாக்கள். இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பளிங்கு ஓடுகள். நடுவில் குதிரை லாட வடிவத்தில் மகோகனி மரக் கவுன்டர். அந்த ஒரு கவுன்டரிலிருந்தே மூன்று அறைகளுக்கும் பியர் போகும். வேலையாட்களுக்குப் பொதுக்கூடம், மனைவியோடு வருகிறவர்களுக்கு முன்னறை, யாரும் பார்க்கக்கூடாது என்று நினைப்பவர்களுக்குச் சின்ன அறை. நான் சின்ன அறையில் உட்கார்ந்தேன். பிறகு வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

சின்ன அறைக்கும் கவுன்டருக்கும் நடுவே, கண் உயரத்தில், ஏழு சிறிய கண்ணாடிக் கதவுகள் வரிசையாக இருக்கும். பூவேலை செய்த பனிக்கண்ணாடி. ஒவ்வொன்றும் நடு அச்சில் சுழலும். வங்கி மேலாளரோ பாதிரியாரோ உட்கார்ந்து குடிக்கும்போது, ஊற்றிக் கொடுக்கும் பெண்ணுக்கு அவர் முகம் தெரியக்கூடாது. கண்ணாடியை ஒரு விரல் அளவு திருப்பி, வேண்டியதைச் சொல்லி, கீழே உள்ள இடைவெளி வழியாகக் கோப்பையை வாங்கிக்கொண்டு, மறுபடி மூடிவிடலாம். 1897இல் கட்டியவனுக்கு மனிதர்களைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் போட ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. நான் நாலு வருடம் போராடினேன். அளந்தேன், வரைந்தேன், அறுபத்திரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில் த்ரீ ஷட்டில்ஸ் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறிய கட்டடத்தில் அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடித்தாலும் குற்றம். எங்கள் வேலையில் முதல் விதி ஒன்று உண்டு. எதைச் செய்தாலும், பின்னால் வருகிறவன் அதைத் திருப்பிப் பழையபடி ஆக்க முடியவேண்டும். முடியாது என்றால் செய்யாதே. இந்த விதியை நான் என் வாழ்க்கையிலும் வைத்துக்கொண்டேன். கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி நிலவறை மூடி.

பீப்பாய்கள் இருப்பது நிலவறையில். அதற்குப் போகும் வழி கவுன்டருக்கு உள்ளே, பரிமாறுகிறவர்கள் நடமாடும் தரையிலேயே இருக்கிறது. மூன்றடிக்கு நாலடி மரமூடி, பித்தளை வளையம், கீழே பதினொரு செங்குத்தான கல் படி. மூடிக்கு அடியில் சங்கிலியில் ஓர் எதிர் எடை தொங்குகிறது. அதனால் அவ்வளவு கனமான மூடியை இரண்டு விரலால் தூக்கிவிடலாம். தூக்கினால் அப்படியே நிற்கும். அதைச் செய்த தச்சனை நான் மனத்துக்குள் பலமுறை வணங்கியிருக்கிறேன்.

அந்த மூடிக்கு ஒரு வழக்கம் உண்டு. திறக்கிறவர், "மூடி திறந்திருக்கு" என்று குரல் கொடுக்கவேண்டும். கேட்கிறவர்கள் அத்தனை பேரும் எந்த அறையில் இருந்தாலும், சீட்டாட்டத்தின் நடுவில் இருந்தாலும், "திறந்திருக்கு" என்று பதில் சொல்லவேண்டும். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். மூன்றாம் முறை அவர்களும் சொல்வார்கள். நாலு தலைமுறையாக அப்படித்தான். போதாததற்குக் கீல்கள் வேறு முனகும். பிரசவ வலியில் மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தெருவில் போகிறவனுக்குக்கூட மூடி அசைவது தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் மோரீன் ஃபீல்டன் அந்தப் பப்பைக் குத்தகைக்கு எடுத்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கணவன் இல்லை, ரோச்டேல் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை எல்லாம் இதில் போட்டிருந்தாள். நல்லவள். இதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நிமோனியா வந்தபோது எட்டு நாள் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்த சட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். யாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். எழுபது வயது க்ளிஃபையும் கண்ணு, பியர் கம்பெனி அதிகாரியையும் கண்ணு.

வந்த முதல் வாரமே என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எட்கர் கண்ணு, இந்தப் பக்கம் கொஞ்சம் வாங்களேன். எல்லாரும் பொதுக்கூடத்துல இருக்காங்க. நீங்க மட்டும் பாவமன்னிப்புக் கூண்டுல உக்காந்த மாதிரி."

பொதுக்கூடத்திலிருந்து க்ளிஃப் கத்தினான். அவன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், காது பாதி மந்தம், அதனால் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வான். "அவர விடும்மா. அவரு கூரைய காதலிக்கிறாரு. கூரை இன்னும் சம்மதம் சொல்லல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடி மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பிரச்சினை தொடங்கியது போன வருடம் வசந்தத்தில். மோரீன் சமையலறையிலிருந்து வரும்போது மூடி திறந்திருந்தது. ஒரு கால் உள்ளே போய்விட்டது. நெவில் கையைப் பிடித்து இழுத்தான். நெவில் பட், அவளிடம் வேலை பார்க்கும் ஆள், நாற்பத்துநாலு வயது, முன்பு தபால்காரன். முழங்காலில் தோல் உரிந்ததோடு தப்பித்தாள். அன்று சாயங்காலம் ஒரு பிராந்தியை ஊற்றிக்கொண்டு என் சின்ன அறைக்கே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எட்கர், நீங்க இந்தக் கட்டடத்துக்கு அப்பா மாதிரி. அதான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன். அந்த மூடிய அடைச்சிட்டு, நிலவறைக்கு வாசல் பக்கமா படி வைக்கணும். அதுக்கு இந்த கவுன்டர வெட்டணும்னு இன்ஜினீயர் சொல்றாரு."

"எவ்வளவு வெட்டணுமாம்?"

"இந்தப் பக்கம் முழுசா." அவள் கையை நீட்டி ஏழு கண்ணாடிகளையும் காட்டினாள். "இதுவும் போயிரும். போனா என்ன கண்ணு? ஆறு வருஷமா நான் உங்க கையத்தான் பாத்துட்டிருக்கேன். காசு குடுக்குற கை, கோப்பை வாங்குற கை. இது போயிட்டா உங்க மூஞ்சியப் பாத்து ஊத்திக் குடுப்பேன்ல."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அவள் நகராட்சிக்கு விண்ணப்பித்தாள். நான் ஆட்சேபித்து எழுதினேன். ஒன்பது பக்கம். அதில் முக்கியமான வரி இதுதான்: "நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மூடியால் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் ஏற்பட்டதில்லை." அதிகாரிகளுக்கு அந்த வரி பிடித்திருந்தது. பரிசீலனையைத் தள்ளிவைத்தார்கள்.

அந்த வரியை எழுதுவதற்காக நான் நகர நூலகத்தின் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினேன். எதையும் சரிபார்க்காமல் எழுதும் வழக்கம் எனக்கில்லை. 1926 நவம்பரில் ஒரு சிறிய செய்தி இருந்தது. எடித் காஃபி என்ற பரிமாறும் பெண், பத்தொன்பது வயது, த்ரீ ஷட்டில்ஸ் நிலவறைப் படியில் விழுந்து கழுத்து முறிந்து இறந்தாள். ஆறு வரிச் செய்தி. அதற்குப் பிறகுதான் குரல் கொடுக்கும் வழக்கமே வந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். சுவாரசியமான தகவல். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வீட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு நூற்றாண்டில் ஒரு பெண் என்பது, கணக்காகப் பார்த்தால், எந்த மாடிப்படிக்கும் நல்ல பெயர்தான்.

மோரீன் சும்மா இருக்கவில்லை. அனுமதி வரும்வரை ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று, மூடியைச் சுற்றி மாட்ட ஒரு சங்கிலி வாங்கி, அதற்கு இரண்டு பித்தளைக் கொக்கிகளைக் கவுன்டரின் உள்பக்கம் மகோகனியில் திருகிவிட்டாள். எல்லோரும் செய்யும் தவறு அது. பட்டியலில் அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு இருக்கும். அதில் பெயர் சொல்லியிருப்பவைக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்று பப் நடத்துகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பாதுகாப்பு கட்டடம் முழுவதற்கும், உள்ளும் புறமும், கடைசி ஆணிவரை.

"குறிப்ப படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன் எட்கர்," என்றாள் பெருமையாக. "கவுன்டரோட வெளிப்பக்கம்னுதான் போட்டிருக்கு. உள்பக்கத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நானும் கத்துக்கிட்டேன் பாத்தீங்களா?"

"பார்த்தேன்," என்றேன்.

வீட்டுக்குப் போய் நகராட்சிக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு கொக்கிகள், எட்டு திருகாணிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல ஆழம். மரத்தில் போட்ட துளையை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. பத்து நாளில் அவளுக்கு எச்சரிக்கை வந்தது. கொக்கியைக் கழற்றாவிட்டால் வழக்கு, தண்டனை, குத்தகையும் போகலாம். அவள் அழுதுகொண்டே கழற்றினாள் என்று நெவில் சொன்னான். யார் எழுதிக்கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. துளைகளை அடைக்க எந்த மெழுகு நல்லது என்று என்னிடம்தான் கேட்டாள். நானே போய் அடைத்துக்கொடுத்தேன். இப்போது பார்த்தால் தெரியாது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். அவள் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று செப்டம்பரில் செய்தி வந்தபோதுகூட நான் நிதானமாகவே இருந்தேன். பொதுக்கூடத்தில் ஒரு தாளை வைத்து, அவளுக்கு ஆதரவாக நூற்றுப்பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் முதல் கையெழுத்து க்ளிஃபுடையது. முப்பது வருடமாக அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவன் அவன்.

"என்னய்யா எட்கர், நீயும் போட்டுரு," என்றான். "உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். அந்தப் பொம்பள ஒரு நாள் கழுத்த ஒடிச்சுக்கும்யா."

"யோசிக்கிறேன்," என்றேன்.

"யோசிக்கிறதுல என்ன இருக்கு? மரமா மனுஷியான்னு கேட்டா சின்னப் புள்ளைகூட சொல்லும்."

அதுதான் இவர்களோடு பிரச்சினை. மோரீன் போனால் இன்னொரு மோரீன் வருவாள். அவளுக்கு முன்னால் அந்தக் கவுன்டருக்குப் பின்னால் பதினாறு பேர் இருந்திருக்கிறார்கள். எல்லோருடைய பெயரும் என்னிடம் இருக்கிறது. கண்ணாடி அப்படியில்லை. அந்தப் பூவேலை தெரிந்த கை இன்று இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் கிடையாது.

சரி, அந்தத் திங்கட்கிழமை.

திங்கட்கிழமைகளில் நான் மதியம் போய் பித்தளைகளைத் துடைத்துக்கொடுப்பேன். கூலி கிடையாது, என் விருப்பம். பதினொரு வருடமாகச் செய்கிறேன். அதனால் கவுன்டருக்குள் நான் போவதும் வருவதும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. வேலையை முடித்துவிட்டு, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்ன அறையில் உட்கார்ந்தேன். மணி மூன்றேகால். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் போய்விட்டது. பொதுக்கூடத்தில் க்ளிஃப் மட்டும், குறுக்கெழுத்துப் புதிரோடு. நடுவில் கண்ணாடி பதித்த உயரமான அலமாரி இருப்பதால் அவனுக்கு என்னையோ மூடியையோ தெரியாது.

நெவில் மூடியைத் திறந்தான். முனகல் கேட்டது. "மூடி திறந்திருக்கு" என்றான். "திறந்திருக்கு" என்று க்ளிஃப் கத்தினான். நானும் சொன்னேன். நெவில் கீழே போய் பீப்பாயை மாற்றினான், மேலே வந்தான், மூடினான். மறுபடி முனகல், பிறகு மரம் மரத்தில் உட்காரும் சத்தம். மூடினான், சார்ஜென்ட். அதைத் தெளிவாக எழுதுங்கள். பிறகு காலிப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். போனால் ஒரு சிகரெட் பிடிப்பான். ஏழு நிமிடம்.

நான் எழுந்து, கவுன்டரின் தூக்குப் பலகையைத் தூக்கி, உள்ளே போனேன். எதிர் எடையின் சங்கிலியைப் பார்க்கவேண்டும் என்று எனக்குக் கொஞ்ச நாளாக எண்ணம் இருந்தது. துரு ஏறியிருக்கலாம். மூடியைத் தூக்கினேன், பார்த்தேன். துரு இல்லை. திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

மூடியை மூடவில்லை. மறதி என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அறுபத்தெட்டு வயது.

மோரீன் சமையலறையிலிருந்து எப்படி வருவாள் என்று அங்கே உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டு கையிலும் கழுவிய கோப்பைகள் அடுக்கிய பெட்டி இருக்கும். கதவை முதுகால் தள்ளுவாள். முதுகைக் காட்டிக்கொண்டே மூன்று எட்டு வைத்துவிட்டு, அப்புறம்தான் திரும்புவாள். மூடி இருப்பது இரண்டாம் எட்டில்.

கதவு அசைந்தது. ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். என் கண்ணாடிகளில் நாலாவது ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதன் வழியாக அவள் முதுகும், பச்சைச் சட்டையும், முடிச்சு அவிழ்ந்த ஏப்ரன் நாடாவும் தெரிந்தன. இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு நாலு முறை வீதம் முப்பத்தொரு வருடம் கேட்டுப் பதில் சொன்ன வார்த்தைதான்.

அவள் முதல் எட்டு வைத்தபோது நான் கண்ணாடியைத் திருப்பி மூடினேன்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நாற்பத்தெட்டு கோப்பைகள்.

க்ளிஃப்தான் முதலில் ஓடினான். அவனுக்கே கேட்டிருக்கிறது. நெவில் சிகரெட்டோடு வந்து நின்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "மூடினேனே" என்பதுதான். அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஆம்புலன்சுக்கு போன் செய்தது நான். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன், எந்த வாசல் வழியாக ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தால் ஓடுகளில் இடிக்காது என்பதையும் சொன்னேன்.

மரண விசாரணையில் எல்லாம் சீராக நடந்தது. நெவில் மூடியைத் திறந்ததற்கு க்ளிஃபின் சாட்சி இருந்தது. மூடியதற்கு யாரும் இல்லை; அந்தச் சத்தம் தன் மந்தக் காதில் விழுந்ததா என்று க்ளிஃபால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னைக் கேட்டார்கள். புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்றேன். அதிகாரி நெவிலைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. கவனக்குறைவு என்ற வார்த்தையை இரண்டு முறை சொன்னார், அவ்வளவுதான். ஊருக்கு அது போதும். அவனுக்குப் பப்புகளில் வேலை கிடைக்கவில்லை. மோரீனின் தங்கை இறுதிச் சடங்கில் அவனைத் தேவாலயத்துக்குள் விடவில்லை. வெளியே மழையில் நின்றான்.

டிசம்பரில் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டான். கன்னம் ஒட்டியிருந்தது.

"எட்கர் சார், நீங்க அந்தப் பக்கம்தான இருந்தீங்க. நான் மூடுன சத்தம் கேட்டுச்சா இல்லையா? இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நானே என் தலையில அடிச்சுக்கிட்டு அடங்கிருவேன்."

"படித்துக்கொண்டிருந்தேன் நெவில்."

"அப்ப கீலு? போலீஸ் வந்து தூக்கிக் காட்டுனப்ப சத்தமே வரல சார். வெண்ணெய் மாதிரி போச்சு. அதப் போயி நான் சொன்னா, 'என்னய்யா, கீல் மேல பழி போடுறியா'ன்னு சிரிக்கிறாங்க. அது எப்படிக் கத்தும்னு உங்களுக்குத் தெரியும்ல? வந்த புதுசுல நான் எண்ணெ விடப் போனப்ப நீங்கதான் தடுத்தீங்க. இது 1897ஆம் வருஷத்துச் சத்தம், தொடாதேன்னீங்க."

"உடம்பைப் பார்த்துக்கொள்," என்றேன். அவனுக்கு அரை டஜன் முட்டை வாங்கிக்கொடுத்தேன்.

நீங்கள் இப்போது எதிர்பார்ப்பது எனக்குப் புரிகிறது. அந்த முகத்தைப் பார்த்து மனம் உறுத்தி, தூக்கம் கெட்டு, இன்று காலை இந்தக் காவல் நிலையப் படியேறினேன் என்று எழுதத் தயாராக இருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நெவிலுக்கு அது ஆறுதலாக இருக்கும். ஆனால் நான் வந்த காரணம் வேறு.

மரண விசாரணை அதிகாரி தன் அறிக்கையின் கடைசியில், யாரும் கேட்காமலே, ஒரு பத்தி சேர்த்திருந்தார். அந்த நிலவறை மூடியின் அமைப்பே ஆபத்தானது, அது இருக்கும்வரை இன்னொரு சாவு நிச்சயம் என்று. கட்டடத்தின் சொந்தக்காரர்களான பியர் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. மோரீன் கேட்டது ஒரு பக்கக் கவுன்டர். இவர்கள் கேட்பது முழுக் கவுன்டரும், மூன்று அறைச் சுவர்களும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கி, பெரிய டிவி மாட்டப்போகிறார்கள். கண்ணாடிகளை ஏலத்துக்கு அனுப்பப்போகிறார்கள். நகராட்சி அதிகாரி அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்துவிட்டார். திட்டக்குழு கூடுவது வியாழக்கிழமை. என் ஆட்சேபணைக் கடிதத்தை இந்த முறை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் செத்துப்போன பிறகு என்ன சொல்ல முடியும் என்கிறார்கள்.

சொல்ல முடியும். மூடி அவளைக் கொல்லவில்லை. மூடி மூடித்தான் இருந்தது. நெவில் மூடினான், நான் திறந்தேன், அவள் வருவது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மனிதன் வேண்டுமென்றே செய்ததற்குக் கட்டடத்தைத் தண்டிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அதிகாரி எழுதிய அந்தப் பத்தி செல்லாது. இந்த வாக்குமூலத்தின் ஒரு பிரதி வியாழக்கிழமை காலைக்குள் திட்டக்குழுவின் மேசையில் இருக்கவேண்டும். அது ஒன்றுதான் என் கோரிக்கை. வக்கீல் வேண்டாம், டீ போதும்.

ஆமாம், "வேண்டுமென்றே" என்றுதான் சொன்னேன். மறதி என்று முதலில் சொன்னதை அடித்துவிடுங்கள். சங்கிலியைப் பார்க்கப் போனேன் என்பதையும் அடித்துவிடலாம். அது இருந்தால் குழுவில் யாராவது விபத்து என்று வாதாடக்கூடும். அதில் கட்டடத்துக்கு லாபமில்லை.

கீல். கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நெவில் உங்களிடமும் சொல்லியிருக்கிறான்.

பித்தளை துடைக்கும் பையில் அன்று ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியும் எடுத்துப் போயிருந்தேன். வீட்டிலிருந்தே. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய், என் அம்மாவுடையது. ஒவ்வொரு கீலுக்கும் மூன்று சொட்டு. இறங்குவதற்கு இரண்டு நிமிடம் காத்திருந்தேன், பிறகுதான் மூடியைத் தூக்கினேன். அடுப்படியில் அவள் பாடிக்கொண்டே கோப்பைகளை அடுக்குவது கேட்டுக்கொண்டிருந்தது.

முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் என் கையால் செய்த ஒரே மாற்றம் அது. அனுமதி வாங்காமல் செய்தது தவறுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் ஒரே வாரத்தில் பழைய முனகல் வந்துவிடும். குழுவுக்குப் போகும் பிரதியில் இதையும் சேர்த்துவிடுங்கள், சார்ஜென்ட்: அன்று நான் செய்ததில், திருப்பிப் பழையபடி ஆக்க முடியாதது எதுவுமே இல்லை.